பின்வளவு ஓக் மரம்: டி.பி.ஓ. இருந்தால் வீட்டுக்காரருக்கு மிஞ்சும் உரிமை என்ன?

கேள்வி இதுதான். வடமேற்கு லண்டனில் 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது). பின்வளவில் பெரிய ஓக் மரம். வீடு வாங்கும்போது சொலிசிட்டர் அனுப்பிய கட்டுக்குள் "மரப் பாதுகாப்பு ஆணை" (ஆங்கிலச் சுருக்கம் டி.பி.ஓ.) என்று ஒரு வரி இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. இப்போது பின்சுவரில் வெடிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் கொப்பு தன் பக்கம் வருகிறது என்று முறையிடுகிறார். மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் கட்டும் யோசனையும் இருக்கிறது. "காணியும் எங்களுடையது, மரமும் எங்களுடையது, நடுவில் கவுன்சில் யார்?"

மரம் உங்களுடையதுதான். கொப்பு முறிந்து யார் தலையிலாவது விழுந்தால் பொறுப்பும் உங்களுடையது, பராமரிப்புச் செலவும் உங்களுடையது. டி.பி.ஓ. போட்டதற்காகக் கவுன்சில் ஒரு பென்னிகூடத் தராது. சட்டம் உங்களிடமிருந்து எடுத்தது, கேட்காமல் மரத்தில் கைவைக்கும் உரிமையை. அதற்கு ஈடாக மூன்றைத் தந்திருக்கிறது: எட்டு வாரத்தில் பதில், கட்டணமில்லாத மேன்முறையீடு, மறுப்பால் நட்டம் வந்தால் நட்டஈடு. இந்த மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் முதல் விண்ணப்பத்தை அரைகுறையாக எழுதி அதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கீழே உள்ளவை இங்கிலாந்துக்கானவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் கொஞ்சம் மாறும்.

முதலில் அந்த ஆணையின் பிரதியைக் கவுன்சிலிடமிருந்து எடுங்கள். வலைத்தள வரைபடத்தில் இருக்கும் பச்சைப் புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம். அட்டவணையும் வரைபடமும் சேர்ந்ததுதான் ஆணை. அட்டவணையில் மரங்கள் நான்கு விதமாகக் குறிக்கப்படும்: தனி மரம், மரக் கூட்டம், பரப்பு, வனம். தனி மரம் என்றால் வரைபடத்தில் வட்டம் போட்டு எண் கொடுத்திருப்பார்கள், வாதிட ஒன்றும் இல்லை. பரப்பு என்றால் நின்று யோசியுங்கள். வரைபடத்தில் புள்ளிக்கோட்டால் சுற்றி வளைத்த இடம் அது. ஆணை போட்ட நாளில் அந்தக் கோட்டுக்குள் நின்ற மரங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு, பிறகு முளைத்ததற்கு இல்லை. 1960களில் போட்ட பரப்பு ஆணைகள் பல இன்றும் செல்லுபடியாக இருக்கின்றன. உங்கள் மரம் அதற்குப் பிறகு வந்ததா என்று மட்டாகப் பார்க்க ஒரு கைக்கணக்கு உண்டு: திறந்த இடத்தில் வளரும் மரத்தின் அடிமரச் சுற்றளவு வருடத்துக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் கூடும். நிலத்திலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் துணி நாடாவால் சுற்றுங்கள். 200 சென்டிமீட்டர் வந்தால் வயது ஏறத்தாழ எண்பது. 100 வந்தால் நாற்பது. அப்படியானால் 1962 ஆணை அதைத் தொடாது. ஆனால் இது மட்டுக்கணக்கு. இதை நம்பி மரம் அறுக்கும் வாளை எடுக்காமல், கவுன்சில் மர அலுவலரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

ஆணை புதிதாக இப்போதுதான் வந்திருக்கிறது என்றால் அது ஆறு மாதத்துக்குத் தற்காலிகமானது. ஆட்சேபிக்கக் குறைந்தது 28 நாள் தருவார்கள். "இலை கொட்டுகிறது, கார் அழுக்காகிறது" என்று எழுதினால் வேலைக்காகாது. ஆணைக்கு அடிப்படை மரம் பொதுமக்களுக்குத் தரும் பயன். ஆகவே தெருவிலிருந்து அது தெரிகிறதா, எத்தனை வருடம் நிற்கும் நிலையில் இருக்கிறது, உண்மையில் வெட்டுப்படும் ஆபத்து இருந்ததா என்பவற்றைத்தான் தாக்க வேண்டும். பல கவுன்சில்கள் டெம்போ என்ற புள்ளிமுறையைப் பயன்படுத்துகின்றன. அதன் மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்குங்கள். 12க்குக் கீழே வந்திருந்தால் அந்த முறைப்படியே ஆணைக்குத் தகுதி இல்லை. ஆணையை உறுதிசெய்த பிறகு ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், அதுவும் சட்டப் பிழை இருந்தால் மட்டும்.

டி.பி.ஓ. இல்லாவிட்டாலும் வீடு கன்சர்வேஷன் ஏரியாவில், அதாவது தோற்றத்துக்காகவும் பழமைக்காகவும் கவுன்சில் பாதுகாக்கும் பகுதியில், இருக்கலாம். அங்கே விதி வேறு. 1.5 மீட்டர் உயரத்தில் விட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது சுற்றளவு சுமார் 23.5 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள எந்த மரத்தைத் தொடுவதற்கும் ஆறு வார முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். இது அனுமதிக் கோரிக்கை ஆகாது, வெறும் அறிவித்தல். கவுன்சிலால் "முடியாது" என்று பதில் எழுத முடியாது. தடுக்க வேண்டுமானால் ஆறு வாரத்துக்குள் டி.பி.ஓ. போட வேண்டும். பேசாமல் இருந்தால் ஆறு வாரம் முடிந்ததும் நீங்கள் வேலையைச் செய்யலாம், இரண்டு வருடத்துக்குள்.

அனுமதி கேட்காமலே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. உயிருள்ள மரத்தில் செத்த கொப்பை அகற்றலாம். செத்த மரத்தையும் அகற்றலாம், அதற்கு ஐந்து வேலைநாள் முன்னதாக எழுத்தில் அறிவித்தால் போதும். உடனடியாக ஆளைக் காயப்படுத்தும் ஆபத்து இருந்தால் அந்த ஆபத்தை நீக்கத் தேவையான அளவுக்கு வெட்டலாம், பிறகு கவுன்சிலுக்கு உடனே சொல்ல வேண்டும். இதில் "தேவையான அளவு" என்பதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். புயலில் ஒரு கொப்பு பிளந்து தொங்கினால் அந்தக் கொப்பை எடுக்கலாம். அந்தச் சாட்டில் மரத்தையே தறிக்க முடியாது. நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் இருப்பதால், வெட்டுமுன் நான்கு பக்கமும் நின்று படம் எடுங்கள், பிளவை அளவுநாடா வைத்துக் கிட்டத்தில் எடுங்கள், உக்கிய துண்டை எறியாமல் வைத்திருங்கள்.

இனி வெடிப்பு. லண்டனில் மரமும் வீடும் மோதிக்கொள்வதற்கு மூல காரணம் கால்களுக்கு அடியில் இருக்கிற களிமண். லண்டன் களிமண் தண்ணீர் இழந்தால் சுருங்கும், குடித்தால் வீங்கும். கோடையில் ஓக் உறிஞ்சும் தண்ணீரால் மண் சுருங்க, ஆழமில்லாத அத்திவாரம் அதோடு கீழே போகிறது. 1976 வறட்சியில் இந்த முறைப்பாடுகள் பெருகின. 2018, 2022 கோடைகளிலும் அதேதான். ஓக், வில்லோ, பொப்லர், யூக்கலிப்டஸ் ஆகியவை தண்ணீர் அதிகம் இழுக்கும் இனங்கள். புதுவீடு கட்டுபவர்கள் பின்பற்றும் என்.எச்.பி.சி. வழிகாட்டியில் இப்படியான மரத்தின் பாதிப்பு எல்லை, வளர்ந்த உயரத்தின் 1.25 மடங்கு. ஓக்குக்கு 20 மீட்டர் என்று வைத்தால் 25 மீட்டர் தூரம் வரை கணக்கில் வரும். செர்ரி போன்ற நடுத்தர இனத்துக்கு 0.75 மடங்கு.

அதற்காக ஓக் நிற்கும் வளவில் வந்த வெடிப்பெல்லாம் ஓக்கால் வந்தது என்று ஆகாது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் பிளாஸ்டர் காய்ந்ததால் வருவது. மரத்தால் வரும் வெடிப்புக்கு ஒரு முகம் உண்டு: ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சரிவாக ஓடும், ஒரு முனை அகன்று மறுமுனை ஒடுங்கும், உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரியும், கோடை முடிவில் திறந்து மாரி முடிவில் ஒடுங்கும். இந்தக் கடைசி அடையாளம்தான் முக்கியம். உடைந்த நிலக்கீழ்க் குழாயிலிருந்து தண்ணீர் கசிந்து வரும் பிரச்சினை பருவத்தோடு இப்படி மூடித் திறக்காது. அதனால்தான் கவுன்சில் ஒரு படத்தைப் பார்த்து நம்புவதில்லை, வருடம் முழுவதும் அளந்த கணக்குக் கேட்கிறது.

வெடிப்பைக் கண்டதும் முதல் அழைப்பு கவுன்சிலுக்குப் போகக் கூடாது, வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்குப் போக வேண்டும். நிலம் தாழ்வதற்கான காப்பு பெரும்பாலான வீட்டுப் பொலிசிகளில் இருக்கும். முதல் 1,000 பவுண் உங்கள் கையால் என்பது வழமை. ஏற்றுக்கொண்டால் ஆய்வுச் செலவு அவர்களுடையது. அந்த ஆய்வில் என்ன இருக்க வேண்டும் என்று நீங்கள் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் கவுன்சில் இவற்றில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பும் அல்லது மறுக்கும். சேதத்தின் இடம், அகலம், எப்போது தொடங்கியது என்று எழுதிய பொறியியலாளர் அல்லது சர்வேயர் அறிக்கை. அத்திவாரத்தின் ஆழத்தையும் அதற்குக் கீழே உள்ள மண்ணையும் காட்டும் குழித் தோண்டல். மண்ணின் சுருங்கும் தன்மை, ஈரம் பற்றிய ஆய்வுகூட முடிவு. அத்திவாரத்துக்குக் கீழே கிடைத்த வேர் எந்த மரத்தினுடையது என்ற அடையாளம். கழிவுக் குழாய்களைக் கமராவால் பார்த்த பதிவு. வெடிப்பையோ சுவரின் மட்டத்தையோ எட்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்த பதிவு, முடிந்தால் பன்னிரண்டு மாதத்துக்கு. கடைசியாக மர நிபுணரின் அறிக்கை.

வேர் அடையாளத்தில் ஒரு சிக்கல்: பக்கத்து வளவில் இன்னொரு ஓக் நின்றால் சாதாரணச் சோதனை "ஓக் இனம்" என்று மட்டும் சொல்லும். எந்த ஓக் என்பதற்கு மரபணுச் சோதனை வேண்டும். இதை விட்டால் கவுன்சில் அலுவலர் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

தறித்தால் எல்லாம் தீரும் என்று நினைப்பதிலும் ஓர் அபாயம் இருக்கிறது. வீட்டைவிட மரம் மூத்தது என்றால், அது பல பத்தாண்டுகளாகக் காயவைத்த மண்ணில்தான் வீடு நிற்கிறது. மரம் போனதும் அந்தக் களிமண் மெதுவாகத் தண்ணீர் குடித்து, வருடக்கணக்கில் வீங்கி, அத்திவாரத்தை மேலே தூக்கும். தாழ்வதை விட இது மோசம், திருத்தவும் செலவு கூட. ஹாரோ, வெம்பிளிப் பக்கம் பழைய வயல் வேலிகளில் நின்ற ஓக்குகளைச் சுற்றித்தான் பல வீடுகள் எழுந்தன. ஆகவே மரம் மூத்ததா வீடு மூத்ததா என்பது வெறும் சரித்திரக் கேள்வி ஆகாது. தறிக்க விண்ணப்பிக்குமுன் இந்த வீக்கத்தைப் பொறியியலாளரிடம் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவழியாகப் பலர் கேட்பது "கொஞ்சம் கொப்பைக் குறைத்தால் தண்ணீர் குறையாதா" என்று. இலைகளைக் கொஞ்சம் ஐதாக்கினால் மண்ணில் மாற்றம் ஏதும் தெரியாது, மிஞ்சிய இலைகள் அந்த வேலையையும் செய்துவிடும். கடுமையாகக் குறைத்து, வளர வளரத் திரும்பத் திரும்பக் குறைத்தால்தான் பயன்.

விண்ணப்பம் பிளானிங் போர்ட்டல் வழியாக, கட்டணம் இல்லை. வீட்டுக்காரர்தான் போட வேண்டும் என்றும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரும் போடலாம். விண்ணப்பங்கள் விழுவது வேலை விவரம் எழுதும் கட்டத்தில். "மரத்தை 30 சதவீதம் குறைத்தல்" என்று எழுதினால் எதில் முப்பது என்று யாருக்கும் தெரியாது. இப்படி எழுதுங்கள்: "ஓக் 1: இப்போதைய உயரம் 18 மீட்டர், வேலைக்குப் பின் 16 மீட்டர். வீட்டுப் பக்கக் கொப்புகளைச் சுவரிலிருந்து 2.5 மீட்டர் இடைவெளி வரும்வரை குறைத்தல். வெட்டும் இடத்தின் விட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேற்படாது. வேலை பி.எஸ். 3998 தரப்படி." பி.எஸ். 3998 என்பது மர வேலைக்கான பிரித்தானியத் தரம். வரைபடத்தில் மரத்தைக் குறித்து, சுவரிலிருந்து தூரத்தையும் எழுதுங்கள். காரணம் நிழல், இலை, பறவை எச்சம், சட்டலைட் டிஷ் என்றால் பெரிய மாற்றத்துக்கு அனுமதி கிடைப்பது அரிது. ஆனால் கூரையில் உரசும் கொப்பை விலக்குவது, கீழ்க் கொப்புகளை எடுத்து வெளிச்சம் விடுவது போன்ற அளவான வேலைகளைச் சரியாக எழுதினால் அலுவலர்கள் சாதாரணமாக ஒத்துக்கொள்வார்கள். அனுமதி வேறு காலம் குறிப்பிடாவிட்டால் இரண்டு வருடத்துக்கு, ஒருமுறை மட்டும்.

எட்டு வாரத்தில் பதில் இல்லை என்றாலும் மேன்முறையீடு செய்யலாம். மறுத்தால் அந்தத் தேதியிலிருந்து 28 நாள். அதை மத்திய அரசின் பிளானிங் இன்ஸ்பெக்டரேட் பார்க்கும், கட்டணம் இல்லை. பெரும்பாலும் ஏற்கெனவே கொடுத்த பத்திரங்களையும் நேரில் பார்த்ததையும் வைத்தே தீர்ப்பார்கள், புதிய சாட்சியத்தைக் கடைசி நேரத்தில் நுழைக்க இடமில்லை.

நட்டஈட்டு விதியும் முதல் விண்ணப்பத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் 2012 மரப் பாதுகாப்பு விதிகளின்படி, மறுப்பாலோ நிபந்தனையாலோ 500 பவுண் அல்லது அதற்கு மேல் நட்டம் வந்தால், முடிவு வந்த பன்னிரண்டு மாதத்துக்குள் கவுன்சிலிடம் கேட்கலாம். மேன்முறையீடு செய்திருந்தால் அதன் முடிவிலிருந்து எண்ண வேண்டும். காணியின் அபிவிருத்தி மதிப்புக் குறைந்ததற்குக் கிடைக்காது. விண்ணப்பத்தோடு கொடுத்த காரணங்களையும் பத்திரங்களையும் பார்த்து அன்றைக்கு எதிர்பார்த்திருக்க முடியாத நட்டத்துக்கும் கிடைக்காது. அதாவது, "மறுத்தால் சுவர் இன்னும் வெடிக்கும், அத்திவாரத்தைப் பலப்படுத்த இவ்வளவு செலவாகும்" என்ற பொறியியலாளர் மதிப்பீட்டை முதல் நாளே உள்ளே வைத்திருந்தால், மறுக்கும் கவுன்சில் அந்தப் பில் தன் மேசைக்கு வரும் என்று தெரிந்தே மறுக்க வேண்டும். அதை வைக்காமல் பிறகு கேட்டால் "எங்களுக்கு யார் சொன்னது" என்பார்கள், சட்டமும் அவர்கள் பக்கம் நிற்கும். 2016இல் தென் குளொஸ்டர்ஷயரில், ஓக்கைத் தறிக்க மறுத்ததால் கன்சர்வேட்டரி சேதமான வீட்டுக்காரர்களுக்கு மேல் தீர்ப்பாயம் நட்டஈடு வழங்கியது. என் பார்வையில் மரத்துக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான தராசின் உண்மையான முள் இந்த விதிதான். மரம் ஊருக்கு வேண்டும் என்றால் அதன் விலையையும் ஊர் கொடுக்க வேண்டும் என்பது நியாயமே. அலுவலர்களுக்கும் இது தெரியும். வரவுசெலவுத் திட்டம் இறுகிய கவுன்சிலில் நல்ல பொறியியல் அறிக்கையை லேசில் தள்ள மாட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயம். எல்லை தாண்டி வரும் கொப்பைத் தன் பக்கம் நின்று எல்லைக்கோடு வரை வெட்ட அவருக்கு உரிமை இருக்கிறது, உங்கள் வளவுக்குள் வராமல். வெட்டிய கொப்பு உங்கள் சொத்து. அதற்காக மதிலுக்கு மேலால் வீசக் கூடாது, வேண்டுமா என்று கேட்க வேண்டும். டி.பி.ஓ. இருந்தால் அந்த வெட்டுக்கும் அனுமதி வேண்டும். தொல்லையை நீக்கும் வேலைக்கு விலக்கு உண்டு என்று சிலர் சொல்வார்கள். அந்த விலக்கு வழக்குப் போடக்கூடிய அளவு உண்மையான சேதத்துக்குத்தான். அதிலும் 2007இல் நார்தாம்ப்டன் கவுன்சில் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம், தறிக்காமல் அத்திவாரத்தைப் பலப்படுத்தித் தீர்க்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே அதை நம்பி விண்ணப்பம் இல்லாமல் இறங்குவது சூதாட்டம்.

அவர் "உங்கள் வேர் என் வீட்டைச் சேதமாக்குகிறது" என்று எழுத்தில் தந்தால் கடிதத்தை இழுப்பறையில் போடாதீர்கள். 2001இல் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலின் பிளேன் மரம் பற்றிய வழக்கில் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வகுத்தது இதுதான்: அறிவித்தலும் நியாயமான அவகாசமும் கிடைத்த பிறகும் மரத்துக்குரியவர் ஒன்றும் செய்யாமல் இருந்தால், திருத்தச் செலவு அவர் தலையில். கடிதம் வந்ததும் உங்கள் காப்புறுதிக்கு அனுப்புங்கள், ஆதாரம் கேளுங்கள், கிடைத்தால் நீங்களே கவுன்சிலுக்கு விண்ணப்பியுங்கள். கவுன்சில் மறுத்த பிறகு நட்டம் வந்தால் அவர் நேரே கவுன்சிலிடம் கேட்க வழி திறக்கும்.

எக்ஸ்டென்ஷன். செமி வீட்டில் மூன்று மீட்டர் ஒற்றை மாடிக்குத் தனியாகப் பிளானிங் அனுமதி கேட்கத் தேவையில்லை, சட்டமே எல்லோருக்கும் பொதுவாக அனுமதி தந்திருக்கிறது என்பது சரி. ஆனால் அந்தப் பொது அனுமதி டி.பி.ஓ.வை வெல்லாது. முழுப் பிளானிங் அனுமதி வாங்கியிருந்தால் மட்டுமே, அதை நிறைவேற்ற நேரடியாகத் தேவையான மர வேலைக்குத் தனி அனுமதி வேண்டாம். பொது அனுமதியில் கட்டப் போய்ப் பெரிய வேரை மண்வெட்டும் இயந்திரம் பிய்த்தால், அதுவும் மரத்தைச் சேதமாக்கியதாகவே எடுக்கப்படும்.

வேர்ப் பாதுகாப்பு வட்டத்தை நீங்களே கணக்கிடலாம்: 1.5 மீட்டர் உயரத்தில் அடிமர விட்டம் எவ்வளவோ அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வட்டத்தின் ஆரை. 60 சென்டிமீட்டர் விட்டம் என்றால் 7.2 மீட்டர். புதுச்சுவர் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றால் பேச்சு இலகு. உள்ளே வந்தால் தொடர் பள்ளத்துக்குப் பதில் பைலும் (நிலத்தில் ஆழமாக இறக்கும் தூண்) நிலத்துக்கு மேலான பீமும் போடலாமா என்று பொறியியலாளரிடம் கேளுங்கள். முதல் அரை மீட்டரைக் கையால் தோண்டி வேர் இல்லாத இடத்தில் பைலை இறக்கலாம். ஓக்குக்கு அருகே சாதாரண அத்திவாரம் 2.5 மீட்டரைத் தாண்டும் ஆழம் கேட்கும், அப்போது எப்படியும் பொறியியல் வடிவமைப்புத் தேவை. பில்டர் சீமெந்து மூட்டைகளையும் ஸ்கிப்பையும் மரத்தடியில் வைப்பதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் சேதம். மண் இறுகிக் காற்றுப் போகாமல் வேர் சாகும், இரண்டு மூன்று கோடைக்குப் பிறகுதான் உச்சிக்கொப்பு காய்வது தெரியும். வேலை தொடங்குமுன் வட்டத்தைச் சுற்றி வேலி போடுங்கள்.

இரவோடு இரவாகத் துளை போட்டு மருந்து ஊற்றுவது பற்றியும் ஆட்கள் பேசுகிறார்கள், செப்பு ஆணி அடிப்பது பற்றியும். ஆணியால் பெரிய ஓக் சாகாது. துளையை அலுவலர் பட்டையில் விரல் வைத்தே கண்டுபிடிப்பார். டி.பி.ஓ. மரத்தை அழித்தால் அபராதத்துக்கு உச்ச எல்லை இல்லை, மரம் போனதால் வீட்டுக்குக் கூடிய மதிப்பையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். அழிக்கும் அளவுக்குப் போகாத மீறலுக்கு 2,500 பவுண் வரை. ஆணை இருப்பது தெரியாது என்று தப்ப முடியாது. வெட்டியவர், வெட்டச் சொன்னவர் இருவரும் மாட்டலாம். கதவைத் தட்டி "இன்றைக்கே முடித்துத் தருகிறோம், 400 பவுண்" என்று வருபவர்களைத் திருப்பி அனுப்புங்கள். பொதுப்பொறுப்புக் காப்புறுதிச் சான்றும், இதே போன்ற வேலை செய்த முகவரியும் காட்டக்கூடியவரைப் பிடித்து, அனுமதிக் கடிதத்தின் பிரதியை அவர் கையில் கொடுத்து, அதில் உள்ள அளவுகளையே விலைப்பட்டியலிலும் எழுத வையுங்கள். உச்சியை மொட்டையாக வெட்டித் தருவதாகச் சொல்பவர் வேண்டாம். அந்த வெட்டில் உக்கல் இறங்கும், பக்கத்தில் கிளம்பும் புதுக்கொப்புகள் பிடிமானம் இல்லாமல் பிற்பாடு முறியும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைக் கூடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏற வேண்டும். வௌவால் தங்கும் பொந்து இருந்தால் அதற்குத் தனிச் சட்டம்.

தறிக்க அனுமதி கிடைத்தால் பெரும்பாலும் மாற்று மரம் நடும் நிபந்தனையோடு வரும். செத்ததாலோ உடனடி ஆபத்தாலோ அகற்றினாலும் பதில் மரம் நடும் கடமை உண்டு. எந்த இனம், எந்த இடம் என்பதில் உங்கள் பேச்சுக்கு இடம் இருக்கிறது. களிமண்ணில், வீட்டுக்குக் கிட்ட, மீண்டும் ஓக் நடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பேர்ச் அல்லது மக்னோலியா போன்ற தண்ணீர் குறைவாக இழுக்கும் ஒன்றை, சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று அளவோடு, விண்ணப்பத்திலேயே நீங்கள் முன்மொழியுங்கள். நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் நட்டு, முதல் இரண்டு கோடையும் வாரம் ஒருமுறை ஊறத் தண்ணீர் விடுங்கள்.